வழி விடுபவர்கள்

சாலையைக் கடக்கும் மனிதரை நோக்கி வண்டியோட்டிகள் வீசும் வசைகளில் ஒன்று தமிழகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே வடிவில் வழங்குகிறது. ‘வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?’ குமரி மாவட்டத்தில் இதனுடன் ஒரு ‘ஓய்’ அல்லது ‘வே’ சேர்ந்துகொள்ளும். மற்றபடி பொருள் ஒன்றே. இதிலுள்ள நகைச்சுவையை ஒதுக்கிவிட்டு தர்க்கத்தை மட்டும் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. இடித்துக் கொல்லும் வல்லமை வண்டியிடம் இருக்கிறது. சாவுக்கு ஆயத்தமாகக் கிளம்பி வரவேண்டிய பொறுப்பு நடப்பவருக்கு. இப்படிக் கேட்பவருக்குக் கூச்சம் ஏதும் இல்லை. கேட்க நேர்ந்தவருக்கும் பெரும்பாலும் கோபம் வருவதில்லை. ஓர் அசட்டுச் சிரிப்புடன் ஓரம் ஒதுங்குகிறார். தவறு தன்னுடையதுதான் என்று அவரும் நம்புகிறார்.

இந்த நம்பிக்கை எங்கும் இயல்பாக முளைத்ததல்ல. அமெரிக்க நகரங்களில் 1920-கள் வரை சாலை என்பது அனைவருக்கும் பொதுவான வெளி. குழந்தைகள் அங்கே விளையாடினார்கள். கார் இடித்து ஒருவர் இறந்தால் ஊரின் கோபம் கார் ஓட்டியவர்மீதே பாய்ந்தது. அந்தக் கோபத்தைத் திசைதிருப்ப மோட்டார் வணிகர்களும் கார் சங்கங்களும் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று ஒரு சொல். ‘ஜேவாக்கர்’ என்பது அது. ‘ஜே’ என்றால் பட்டிக்காட்டான். நகரத்தில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்று நடப்பவரைக் கேலிசெய்தே அவரைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். பீட்டர் நார்ட்டன் என்ற வரலாற்றாளர் 2008-ல் வெளியான தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சட்டத்துக்கு முன்பே கேலி வந்துவிட்டது என்பதுதான் அதில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி. நமக்கு அப்படியொரு சொல்லை யாரும் இறக்குமதி செய்து தரவேண்டியிருக்கவில்லை. ‘விலகு’ என்று சொல்லவும், சொன்னால் விலகவும் நம் சமூகம் பல நூற்றாண்டுகள் பயிற்சி பெற்றிருந்தது.

அந்தப் பயிற்சி மிகக் கடுமையாக நிகழ்ந்த நிலங்களில் ஒன்று பழைய திருவிதாங்கூர். இன்றைய குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை அதன் பகுதி. அங்கே சாலை பொதுவாக இருக்கவில்லை. யார் எந்த வழியில் நடக்கலாம், யாரைக் கண்டால் எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும், யார் குடை பிடிக்கலாம், யார் செருப்பு அணியலாம் என்பதெல்லாம் சாதியால் வகுக்கப்பட்டிருந்தன. உயர்ந்த சாதியினர் வரும் வழியில் முன்னால் செல்பவன் குரலெழுப்பிக்கொண்டே போவான். அந்தக் குரல் காதில் விழும் தொலைவில் இருப்பவர்கள் சாலையை விட்டிறங்கி வயலிலோ புதரிலோ நிற்கவேண்டும். தோள்சீலைப் போராட்டத்தின்போது மேலாடை அணிந்த பெண்கள் தாக்கப்பட்டது சந்தைகளிலும் சாலைகளிலும்தான். பொதுவழியில் எந்த உடல் எந்தக் கோலத்தில் வரலாம் என்பதே அந்த நெடிய போராட்டத்தின் கேள்வி. 1859-ல்தான் அரசாணை ஓரளவு இறங்கிவந்தது.

1893-ல் அய்யன்காளி மணிகள் கட்டிய வில்வண்டியில் ஏறி வெங்ஙானூரின் பொதுச்சாலையில் சென்றார். புலையர்களுக்கு விலக்கப்பட்டிருந்த சாலை அது. பிறகு தன் தோழர்களுடன் சந்தையை நோக்கி நடந்தபோது பாலராமபுரத்தில் மோதல் வெடித்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் நெடுஞ்சாலையில் இருக்கும் அதே பாலராமபுரம்தான். 1924 மார்ச் இறுதியில் தொடங்கிய வைக்கம் சத்தியாகிரகம் கோயிலுக்குள் நுழைவதற்கானதல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கானது. அந்தத் தெருமுனைகளில் விலக்கப்பட்டவர்கள் மேற்கொண்டு வரக்கூடாது என்று அறிவிக்கும் தீண்டல் பலகைகள் நடப்பட்டிருந்தன. பெரியார் இருமுறை சிறைசென்ற அந்தப் போராட்டம் 1925-ல் முடிவுக்கு வந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு அப்போதும் திறக்கவில்லை.

அதன் தொடர்ச்சியாக 1926-ல் நாஞ்சில்நாட்டின் நடுவிலேயே, சுசீந்திரத்தில், அதே கோரிக்கை எழுந்தது. தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் அனைவரும் நடக்கவேண்டும் என்று நாகர்கோவில் மருத்துவர் எம்பெருமாள் நாயுடு முதலியோர் முன்னின்று சத்தியாகிரகம் நடத்தினார்கள். 1930-ல் அது மறுபடியும் நிகழ்ந்தது. 1936 நவம்பர் 12-ன் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபிறகே அந்த அத்தியாயம் முடிந்தது. நம் பாடநூல்கள் இப்போராட்டங்களை ஆலய நுழைவின் முன்கதையாகச் சொல்லி முடித்துவிடுகின்றன. ஆனால் போராடியவர்கள் தெளிவாகவே கேட்டார்கள். அவர்கள் கேட்டது தெருவை. தன் கால்களால், தன் வேகத்தில், யாருக்கும் ஒதுங்காமல், தலைநிமிர்ந்து நடப்பதற்கான இடத்தை. குடிமகன் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் கிடைத்த முதல் அனுபவப்பொருள் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

அப்படிப் பெற்ற சாலை இன்று எப்படி இருக்கிறது? வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கி மணிமேடை, மீனாட்சிபுரம் வழியாகக் கோட்டாறு வரை ஒருவர் நடந்துபார்க்கலாம். பெரிய தொலைவல்ல. நடைபாதை என்று இருப்பது பல இடங்களில் ஓடையை மூடிய கான்கிரீட் பலகைகள்தான். சில பலகைகள் உடைந்திருக்கும், சில ஆடும், சில காணாமல் போயிருக்கும். மீதியிடத்தில் இருசக்கர வண்டிகள் நிற்கும். கடையின் படிகள் நீண்டு வந்திருக்கும். மின்மாற்றியும் விளம்பரப் பலகையும் அங்கேதான் ஊன்றப்பட்டிருக்கும். ஆகவே நடப்பவர் சாலைக்கு இறங்குகிறார். இறங்கியதும் பின்னாலிருந்து ஒலிப்பான் அலறுகிறது. முன்னால் குரலெழுப்பிக்கொண்டு ஓடுபவன் இன்று தேவையில்லை. கைப்பிடியிலேயே அந்தக் குரல் பொருத்தப்பட்டிருக்கிறது.

இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. பிறப்பால் விதிக்கப்பட்டு, இறப்புவரை மாறாத இழிவு சாதியுடையது. சாலையில் நடக்கும்போது நேரும் அவமதிப்பு வண்டியில் ஏறியதும் மறைந்துவிடும். அதை இதற்கு ஒப்பிடுவது அந்தக் கொடுமையைச் சிறிதாக்குவதாகும். ஆனால் ஒரு சமூகம் தன் சட்டங்களை மாற்றிக்கொண்ட பிறகும் அதன் உடல்பழக்கங்கள் எஞ்சிவிடுகின்றன. சாலையைக் காணும்போதே அதில் யார் பெரியவர், யார் யாருக்கு ஒதுங்கவேண்டும் என்ற படிநிலையைக் கற்பனைசெய்யும் பழக்கம் அப்படி எஞ்சியது என்றே எனக்குத் தோன்றுகிறது. பேருந்துக்கும் லாரிக்கும் கார் ஒதுங்கும், காருக்கு ஆட்டோ, ஆட்டோவுக்கு இருசக்கர வண்டி, அதற்கு மிதிவண்டி. எல்லோருக்கும் ஒதுங்குபவர் நடப்பவர். எடை மிகுந்தவன் எளியவனைக் காக்கவேண்டும் என்ற நெறி இதில் எங்குமே இல்லை.

இப்படிநிலை சாலையோடு நின்றுவிடுவதும் இல்லை. ‘அவரு இன்னும் சைக்கிள்லதான் போறாரு’ என்ற சொற்றொடரில் வரும் ‘இன்னும்’ எவ்வளவு பேசுகிறது! ஒருகாலத்தில் மிதிவண்டி ஆசிரியரின், தபால்காரரின், ஓரளவு வசதியுள்ள விவசாயியின் கௌரவச் சின்னம். விளக்கில்லாமல் போனாலும் இருவராகப் போனாலும் காவலர் பிடித்து நிறுத்துவார். உள்ளாட்சியில் கட்டணம் கட்டி வில்லை வாங்கிப் பொருத்தவேண்டும். அத்தனை கட்டுப்பாடு இருந்ததென்றால் அத்தனை மதிப்பும் இருந்தது. தெருவுக்கு ஒன்றாக இருந்த வாடகை சைக்கிள் கடைகள் மறைந்துவிட்டன. 2001-2002-ல் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட அரசின் இலவச மிதிவண்டித் திட்டம் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு மிதிவண்டிகளை அளித்தது. அந்த வண்டிகள் பள்ளிக்கு மட்டுமே உரியவை என்பது எழுதப்படாத விதி. கல்லூரிக்குப் போகும் பையன் அதை எடுத்துக்கொண்டு போகமாட்டான். தம்பிக்கோ பழைய இரும்புக் கடைக்கோ அது போய்ச்சேரும்.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை எளிதாகக் கடந்துசெல்ல முடியாது. நடையைப் போற்றுபவர்கள் பெரும்பாலும் நடக்கவேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் என்பது அது. தலைமுறை தலைமுறையாகச் சுமைதூக்கி நடந்தவர்களின் பிள்ளை ஒரு பைக் வாங்கும்போது அவன் வாங்குவது எந்திரத்தை மட்டுமல்ல. அய்யன்காளி வில்வண்டியில் ஏறியதன் பொருளும் அதுவே. குடையும் செருப்பும் வாகனமும் மறுக்கப்பட்டவர்களுக்கு அவை வெறும் வசதிகளாக ஒருபோதும் இருக்கமுடியாது. நாகர்கோவிலின் காலைகளில் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். அண்ணனிடமும் கணவனிடமும் கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லாத அந்த விடுதலையை யாரும் குறைசொல்லிவிட முடியாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதை பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவையும் சக்கரத்தையும் ஒன்றாகவே கற்றார்கள் அப்பெண்கள். இன்றைய ஸ்கூட்டர் அந்தக் கதையின் அடுத்த பகுதி.

ஆகவே வண்டியை இறங்கி நடக்கச்சொல்லும் உபதேசம் இதுவல்ல. என் கேள்வி வேறு. வண்டி ஏறும் உரிமையை வென்றவர்கள் நடக்கும் உரிமையை ஏன் கைவிட்டோம்? முன்னோர் சாலைக்காகப் போராடியது, ஒதுங்கும் நிலையிலிருந்து ஒதுக்கும் நிலைக்கு நாம் உயர்வதற்காகவா? ஒதுங்குதல் என்பதே இல்லாத ஒரு தெருவுக்காக அல்லவா? புதுக்கோட்டைப் பெண்களின் மிதிவண்டி யாரையும் ஒதுங்கச் சொல்லவில்லை. நம் வண்டிகள் சொல்கின்றன. இடையில் எங்கோ விடுதலை அதிகாரமாகத் திரிந்துவிட்டிருக்கிறது.

நாம் நடையை முற்றிலும் இழிவாகக் கருதுகிறோம் என்றும் சொல்லமுடியாது. குமரி மாவட்டத்தைப்போல நடையைக் கொண்டாடும் நிலம் அரிது. மகாசிவராத்திரியை ஒட்டி முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரு சிவாலயங்களை நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்தும் ஓடியும் தரிசிக்கும் சிவாலய ஓட்டம் இங்குதான் நிகழ்கிறது. காவியுடுத்து, கையில் விசிறியுடன், ‘கோவிந்தா கோபாலா’ என்று கூவிச்செல்லும் அவர்களுக்கு வழியெல்லாம் நீரும் உணவும் கிடைக்கின்றன. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் செல்லும்போது நெடுஞ்சாலை மரியாதையுடன் காத்து நிற்கிறது. 1892-ல் விவேகானந்தர் பரிவ்ராஜகராக வந்துசேர்ந்த முனை இது. 1983-ல் சந்திரசேகரும் 2022-ல் ராகுல் காந்தியும் தங்கள் நெடும்பயணங்களைத் தொடங்கியதும் இங்கிருந்தே. இந்தியாவின் பெருநடைகளுக்கெல்லாம் தொடக்கப்புள்ளி கன்னியாகுமரி. உடல்நலத்துக்காக நடப்பவர்களும் குறைவில்லை. அண்ணா விளையாட்டரங்கத்துக்கு வண்டியில் வந்து, நிறுத்திவிட்டு, சுற்றிச்சுற்றி நடந்து, மீண்டும் வண்டியேறி வீடு திரும்புகிறார்கள்.

பக்திக்காக நடந்தால் வணங்குகிறோம். அரசியலுக்காக நடந்தால் திரண்டுபோய்ப் பார்க்கிறோம். சர்க்கரை நோய்க்காக நடந்தால் பாராட்டுகிறோம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்காக ஒருவர் நடந்தால் மட்டும் நமக்கு அவர்மேல் இரக்கமோ இளக்காரமோ வருகிறது. நடையின் மிக எளிய, மிகப் பழைய பயனைத்தான் நாம் மதிக்க மறுக்கிறோம்.

அப்படி நடப்பவர்கள் யார்? கடற்கரை ஊர்களிலிருந்து மீன் சுமந்து உள்நாட்டுத் தெருக்களில் விற்கும் பெண்கள். கடைகளில் நாளெல்லாம் நின்று வேலைசெய்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்குத் திரும்புபவர்கள். பள்ளிப்பிள்ளைகள். ஓய்வூதியம் வாங்கச்செல்லும் முதியவர்கள். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்கும் முதிய பெண்மணி ஒருவர், வாடை வீசுகிறது என்று சொல்லப்பட்டு அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அங்கே நின்று குரலெழுப்பிக் கேட்ட நியாயம் காணொளியாகப் பரவியது. ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். செய்தி அதோடு முடிந்தது. பேருந்து மறுத்தால் அவரைப் போன்றவர் நடந்துபோகவேண்டிய சாலை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

எண்ணிக்கையில் அவர்கள் சிறுபான்மையினர் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பணிகளில் இருப்பவர்கள் வேலைக்கு எப்படிச் செல்கிறார்கள் என்று கேட்டது. இந்திய அளவில் ஏறத்தாழ 22.6 விழுக்காட்டினர் நடந்து சென்றார்கள். 13.1 விழுக்காட்டினர் மிதிவண்டியில். கார், ஜீப், வேனில் சென்றவர்கள் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. அதன்பின் இருசக்கர வண்டிகள் பெருகியிருக்கின்றன என்பது கண்கூடு. ஆயினும் பேருந்தில் செல்பவர் ஒவ்வொருவரும் இரு முனைகளிலும் நடப்பவரே. 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்துசென்றவர்கள். ஐந்தில் ஒருவர். இவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள், திரும்பி வருகிறோம் என்று.

குமரி மாவட்டத்துக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 2011 கணக்கின்படி இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். மக்களில் ஐந்தில் நான்கு பேருக்குமேல் நகரப்பகுதிகளில் வாழ்வதாகக் கணக்கு. ஆனால் ஊர் முடிந்து நகரம் தொடங்கும் இடமென ஒன்று இங்கில்லை. களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை சாலையோரமாக வீடுகளும் கடைகளும் கோயில்களும் பள்ளிகளும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். நெடுஞ்சாலையே இங்கு ஊர்த்தெரு. அந்தத் தெருவை நாம் நெடுஞ்சாலையாக மட்டுமே பார்க்கிறோம். 2018-2019-ல் மார்த்தாண்டத்தில் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கும், பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் திறக்கப்பட்டன. அவை நெரிசலுக்கு ஒரு விடைதான், மறுக்கவில்லை. ஊரைத் தாண்டிப்போக நினைப்பவர்களுக்கு அத்தனை செலவு செய்யமுடிந்த நமக்கு, அதே ஊரில் தெருவின் இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் போக நினைக்கும் பாட்டிக்கு என்ன செய்தோம் என்ற கேள்வி மட்டும் எழவேயில்லை.

பழைய சாலைகள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. சாதியின் கொடுமை அவற்றின்மேல் படிந்திருந்தபோதும், நடப்பவரின் உடல் களைப்புறும் என்பதை அவற்றை அமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். சுமைதாங்கிக் கற்கள், கல்மண்டபங்கள், வழியம்பலங்கள், கிணறுகள், நிழல்மரங்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் நம்மிடம் இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையுடன் போனவளுக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். இன்று அத்தகைய கற்கள் பல சாலை விரிவாக்கத்தில் பிடுங்கி எறியப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றின்மேல் சுவரொட்டிகள். நிழல்மரங்களை வெட்டிச் சாலையை அகலப்படுத்திவிட்டு, இந்த வெயிலில் யார் நடப்பார்கள் என்று கேட்கிறோம். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966-ல் வெளிவந்தது. நாகர்கோவிலின் முச்சந்தியில் நின்ற மரமொன்றைச் சுற்றி வாழ்ந்த மனிதர்களின் கதை. முச்சந்தி என்பது மனிதர்கள் நிற்குமிடம் என்பது அந்நாவலின் ஆதாரமான நம்பிக்கை. நிற்க இடமற்ற இன்றைய முச்சந்தியில் அப்படியொரு நாவல் தொடங்கவே முடியாது.

இலக்கிய வாசகர்களிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைகள். நடந்துவரும் கலைஞன் எதிரே நடந்துவரும் கலைஞனுக்கு வழிசொல்லும் பாடல்கள். வழி என்பதற்கே ஆறு என்று பெயர். எழுதும் முறையை நடை என்கிறோம், வாழும் முறையை நடத்தை என்கிறோம். ஒரு மொழி இத்தனை ஆழமாக நம்பிய ஒரு செயலை அம்மொழி பேசுபவர்கள் இழிவாக நினைக்கத் தொடங்கியது மிக அண்மையில்தான்.

சக்கரம் என்றதும் நம் நினைவுக்கு வராத ஒரு சக்கரமும் இருக்கிறது. சக்கர நாற்காலியும், கையால் மிதித்துச் செல்லும் மூன்று சக்கர வண்டியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பொது இடங்கள் அவர்களும் அணுகத்தக்கவையாக இருக்கவேண்டும் என்கிறது அது. நம் நடைபாதைகளில் ஏறுவதற்கு அரையடி, ஓரடிப் படி. ஏறினால் பத்தடியில் ஒரு கம்பம். ஆகவே அவர்கள் வெளியே வருவதில்லை. வராததால் நம் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததால், ‘யாருமே வருவதில்லையே, யாருக்காகச் சாய்தளம்?’ என்று கேட்கிறோம். தீண்டல் பலகை வைத்துத் தடுத்தால் வரலாற்றில் பதிவாகும். அரையடிப் படி வைத்துத் தடுத்தால் பதிவாவதில்லை. ஒரு தெரு சரியாக இருக்கிறதா என்று அறிய பெரிய ஆய்வுகள் தேவையில்லை. சக்கர நாற்காலியில் ஒருவர் பிறர் துணையின்றி அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகமுடியுமா என்று பார்த்தால் போதும். அவர் போகக்கூடிய தெருவில் குழந்தையும் முதியவரும் கருவுற்ற பெண்ணும் மீன்கூடையுடன் வருபவரும் போகலாம்.

சட்டமும் கொள்கையும் இல்லாமலில்லை. 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நகரவேண்டியவர்கள் மனிதர்கள், வண்டிகளல்ல என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் சாராப் போக்குவரத்துக்கெனத் தனிக்கொள்கையை ஏற்றது. 2019-ல் பாண்டி பஜார் நடப்பவர்களுக்கான தெருவாக மாற்றியமைக்கப்பட்டது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம், தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. 2019-ல் மாநகராட்சியாகிவிட்ட நாகர்கோவிலுக்கும் இவை பொருந்தும். ஆனால் இவற்றைக் கேட்டுப்பெறும் குரல் நம்மிடம் எழவில்லை. நெரிசல் என்றால் நாம் கேட்பது அகலமான சாலையும் இன்னொரு பாலமும்தான். வணிகர்கள் வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள். வடசேரியிலும் மீனாட்சிபுரத்திலும் பேருந்திலிருந்து இறங்கி, உடைந்த பலகைகளைத் தாண்டி அவர்களின் கடைக்கு வந்துசேரும் கூட்டத்தை அவர்கள் வாடிக்கையாளராக எண்ணுவதேயில்லை.

மனநிலை மாறாது என்று சலித்துக்கொள்வது எளிது. மிதிவண்டி நாடு என்று நாம் வியக்கும் நெதர்லாந்திலும் 1950-களுக்குப்பின் கார்களே சாலைகளை நிறைத்தன. 1971-ல் அச்சிறு நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் மட்டுமே நானூறுக்கு மேல். விபத்தில் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972-ல் ஒரு நாளிதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’. அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் தெருக்களை மறித்து அமர்ந்தார்கள். அடுத்து வந்த எண்ணெய் நெருக்கடியும் அவர்களுக்குத் துணைநின்றது. அதுவரை விதி என்று சொல்லப்பட்டதை அவர்கள் கொலை என்று அழைத்தார்கள் என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. நாம் விபத்துக்குச் சொல்லும் சொல் இன்னும் ‘விதி’தான். அல்லது, ‘பாத்துப் போயிருக்கலாம்’.

சுசீந்திரம் சத்தியாகிரகம் 1926-ல் தொடங்கியது. 2026-உடன் நூறாண்டுகள். விழா எடுப்பவர்கள் எடுக்கட்டும், சிலை வைப்பவர்கள் வைக்கட்டும். அந்தப் போராட்டத்துக்கு உண்மையான நினைவகம் ஒன்று உண்டென்றால் அது கோட்டாற்றிலிருந்து சுசீந்திரம் வரையிலான வழியாகத்தான் இருக்கமுடியும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் இராது. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் இடலாக்குடி வழியாகப் பழையாற்றைத் தாண்டிச்செல்லும் அந்தச் சாலையின் ஒரு ஓரத்தில், உடையாத, தடையில்லாத, படியில்லாத நடைபாதை. அருகே மிதிவண்டிக்கு ஒரு தடம். இடையிடையே நிழல்மரம், அமர ஒரு கல். கோயிலைச் சுற்றிய தேர்வீதிகளில் பகலில் சில மணிநேரமாவது வண்டிகளுக்குத் தடை. பெரிய செலவுள்ள கோரிக்கைகள் அல்ல. வார்டு உறுப்பினரிடமும் மாநகராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் எழுதிக்கேட்கக் கூடியவை. இலக்கியக் கூட்டங்கள் முடிந்து நாகர்கோவிலின் தெருக்களில் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே நடந்தவர்களின் மரபில் வருபவர்கள் நாம். அந்த நடையை எல்லோருக்கும், பகலிலும் கேட்டுப்பெறும் மனு ஒன்றில் கையெழுத்திடவேண்டியவர்களும் நாமே.